மாசியில் பூக்கிறதுகளுக்காக ஒரு வக்காலத்து

போன ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு விஷயம் நடந்துச்சு. எடின்பரோவில் என் வீட்டுப் பின்பக்கம், வேலி ஓரமா, இந்த வருஷத்தின் முதல் ஸ்னோட்ராப் விரிஞ்சுது. அதை செல்போனில் படம் புடிச்சுக்கிட்டு நிக்கும்போதே குமுளியிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, வீட்டைச் சுத்தி இருக்கிற காப்பியைப் புடுங்கிடலாம்னு பாக்குறேன். பறிப்பு முடிஞ்சிருச்சு. சித்திரையில குழி வெட்டிட்டா, மழைக்கு ஏலம் வெச்சுடலாம். என்ன சொல்ற?"

அவன் கேட்டது அனுமதி இல்லை, தகவல். அது எனக்கும் தெரியும். ஆனாலும் "வேணாம்டா" அப்படின்னு வாய் முந்திக்கிச்சு. ஏன் வேணாம்னு அவன் திருப்பிக் கேட்டப்போ பதில் இல்லை. "அப்பா வெச்சது" அப்படின்னேன். "அப்பா வெச்ச வனிலாவையும்தான் புடுங்கினோம், அப்ப நீ ஒண்ணும் சொல்லலையே"ன்னான். நியாயம்தான். ஒரு வாரமா இதே யோசனை. எழுதிப் பாத்தாலாவது எனக்கே தெளியுதான்னு பாக்குறேன்.

முதல்ல இங்க இருக்கிற பூவைப் பத்திச் சொல்லிடறேன். அது இல்லாம இந்த யோசனையே வந்திருக்காது.

ஸ்காட்லாந்துக் குளிர்காலம் தெரியாதவங்களுக்கு: டிசம்பர் கடைசியில் காலை எட்டே முக்காலுக்கு விடிஞ்சு, சாயங்காலம் மூணே முக்காலுக்கு இருட்டிடும். பொட்டி தட்டப் போகும்போதும் இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு. தோட்டம்னு சொல்லிக்கிற பத்தடிக்குப் பதினஞ்சடி மண்ணு, பழுப்புக் கோணிச்சாக்கு விரிச்ச மாதிரி கிடக்கும். நம்ம ஊர்ல மாசிப் பனி மச்சைத் துளைக்கும்பாங்க. இங்க அது எலும்பையே துளைக்கும்.

அந்த மண்ணைத் துளைச்சுக்கிட்டு ஒரு செடி மேல வருது. அரையடி உயரம்கூட இருக்காது. இலை நுனி மட்டும் கொஞ்சம் கெட்டியா, உளி மாதிரி இருக்கும். உறைஞ்ச மண்ணைக் கிழிச்சு வர அதுதான் ஆயுதம். ராத்திரி உறைபனி கடுமையா இருந்தா தண்டு தொய்ஞ்சு தரையில படுத்துக்கும். செத்துப் போச்சுன்னு நினைப்போம். வெயில் பட்டதும் எழுந்து நிக்கும். பூ தலை குனிஞ்சு தொங்குறதால மழையோ பனியோ உள்ளே இருக்கிற மகரந்தத்தை நனைக்காது. போன வருஷம் இலை பச்சையா இருந்தப்ப கிழங்குல சேத்து வெச்ச சாப்பாட்டை வெச்சுத்தான் இத்தனை வேலையும். மரமெல்லாம் இலை விட்டு நிழல் கட்டறதுக்குள்ள வெளிச்சத்தைப் பிடிச்சு, பூத்து, விதை விட்டு, மே மாசத்துக்குள்ள மண்ணுக்கடியில போய்த் தூங்கிடும். ஊருக்கு முன்னால கடையைத் திறந்து, ஊர் கூடறதுக்குள்ள மூடிட்டுப் போற வியாபாரி.

இது எனக்கு 2016 மார்ச்சில் பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்தது. பூ முடிஞ்சு இலை பச்சையா இருக்கும்போதே வேரோட பேத்து, ஒரு பழைய ரொட்டிப் பையில போட்டுக் கொடுத்தாங்க. காய்ஞ்ச கிழங்கா வாங்கி நட்டா பாதிக்குப் பாதி வராது, இப்படிப் பச்சையோட மாத்தி வெச்சாத்தான் பிழைக்கும்னு சொல்லிக் கொடுத்ததும் அவங்கதான். இன்னொண்ணும் சொன்னாங்க: "இதுவும் உன்ன மாதிரிதான், வெளியூர்லேர்ந்து வந்தது." வேடிக்கைக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன். படிச்சுப் பாத்தா உண்மை. ஐரோப்பாவின் மத்தப் பகுதிகள்லேர்ந்து யாரோ பிரிட்டனுக்குக் கொண்டுவந்து வெச்ச செடி. 1770களில்தான் இங்கே காட்டுல தானா வளர்றதா முதல் பதிவு இருக்கு. இன்னைக்கு இதைப் பாக்கன்னே பிப்ரவரியில் ஃபைஃப் பக்கத்துல இருக்கிற கேம்போ தோட்டத்துக்குக் கூட்டம் கூட்டமா போறாங்க.

இந்தப் பூவுக்குப் பைத்தியங்களும் உண்டு. 2015-ல் ஒரே ஒரு கிழங்கு 1,390 பவுண்டுக்கு ஏலம் போச்சு. தம்பிகிட்ட இதைச் சொன்னா காப்பியோட சேத்து ஏலத்தையும் புடுங்கிட்டு இதை வெச்சிடுவான் :-)

ஆனா என்னை இந்தப் பூ பக்கம் இழுத்தது விலையோ அழகோ இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு பிப்ரவரி மத்தியானம். வெயில் லேசா அடிச்சுது. பத்து டிகிரி இருந்திருக்கும். அந்தச் சூட்டுக்கு மேல போனாத்தான் ஸ்னோட்ராப்பின் வெளி இதழ் அகல விரியும். தேனீ கூட்டை விட்டு வெளியே கிளம்பறதும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். நான் நிக்கும்போது, கட்டைவிரல் நுனி பருமனுக்கு, மஞ்சளும் கறுப்புமா ஒரு பம்பிள்பீ வந்து அந்தக் குட்டிப் பூவுல தொங்குச்சு. பாரம் தாங்காம தண்டு வளைஞ்சு தரையைத் தொட்டுது.

அது ராணி. பம்பிள்பீ கூட்டத்துல இலையுதிர் காலத்தோட மத்ததெல்லாம் செத்துடும். புது ராணிகள் மட்டும் மண்ணுக்குள்ள தனியாக் குளிர்காலத்தைக் கழிச்சு, பிப்ரவரி மார்ச்சில் பசியோட வெளியே வரும். அதுக்கு அன்னைக்கு ஒரு பூ கிடைச்சா, கோடையில ஒரு கூட்டம். கிடைக்கலைன்னா ஒண்ணுமில்லை.

நம்ம தோட்டத்தை நாம யாருக்காக வைக்கிறோம்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. தெரு முழுக்க ஜூன்ல ரோஜா. ஜூன்ல நாம வெளியே உக்காந்து டீ குடிக்கிறோம், அதனால ஜூன்ல பூ. நமக்கு வசதியான மாசத்துக்கு எல்லாரும் பூ வைக்கிறோம். வசதியில்லாத மாசத்துக்கு யாரும் வைக்கிறதில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் நானும் பொண்ணும் நூறு குரோக்கஸ் கிழங்கு நட்டோம். நம்ம குங்குமப்பூவுக்குச் சொந்தக்காரச் செடிதான். ஒரு ஹெல்லிபோரும் வெச்சோம்.

சரி, இதுக்கும் குமுளிக்கும் என்ன சம்பந்தம்?

குமுளியிலும் குளிர்காலத்தின் வால் பிடிச்சு ஒரு பூ வரும். காப்பிப்பூ. எங்க ஊர் மலை மேல இருக்கு, மார்கழி தை மாசத்துல ஸ்வெட்டர் போடுற குளிர். உறைபனி கிடையாது. ஆனா காய்ச்சல் உண்டு, மழை இல்லாத காய்ச்சல். ரொபஸ்டா காப்பிச் செடி அந்த ரெண்டு மூணு மாசமும் கணுவுக்குக் கணு மொட்டைக் கட்டிக்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்கும். மாசி பங்குனியில ஒரு மழை வரணும். பூ மழைன்னு எங்க வீட்ல சொல்லுவோம். ஒரு இஞ்ச் அளவாவது பெய்யணும். கொறைச்சலாப் பெஞ்சா மொட்டு பாதி வெடிச்சுக் கருகிடும். நல்லாப் பெஞ்சா எட்டுப் பத்து நாள்ல, ஒரே ராத்திரியில பூத்த மாதிரி, தோட்டம் முழுக்க வெள்ளை.

மணம் மல்லிகை மாதிரி இருந்தாலும், உறவு நம்ம இட்லிப்பூ குடும்பம். ரெண்டு மூணு நாள்தான். அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துடும். அந்த மூணு நாளும் அப்பா தோட்டத்துக்குள்ள யாரையும் விடமாட்டார். கிளையில கை பட்டாலே பூ உதிரும்னு சத்தம் போடுவார். ராத்திரி வாசல்ல கட்டில் போட்டுப் படுத்தா, மூச்சு இழுக்க இழுக்க அந்த மணம்தான். விடிஞ்சதும் பலாமரத்துப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கிளம்பும். தேனீ. பெருந்தேனீ, அடுக்குத்தேனீ எல்லாம். ரொபஸ்டாவுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஒத்துக்காது, பக்கத்துச் செடியோடது வேணும். காத்து கொஞ்சம் கொண்டு வரும், தேனீயும் கொண்டு வரும். குடகுக் காப்பித் தோட்டங்கள்ல செஞ்ச ஆய்வுகளும் பெருந்தேனீயோட பங்கைப் பெருசாச் சொல்லுது. இன்னொரு வேடிக்கை: காப்பிப்பூவின் தேனிலும் கொஞ்சம் காபின் இருக்கு. அது தேனீக்கு அந்தப் பூவின் வாசனையை நல்லா ஞாபகம் வெச்சுக்க உதவுதுன்னு 2013-ல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்துச்சு. நமக்கு மட்டும் இல்லை, அதுகளுக்கும் காலைக் காப்பி உண்டு.

இப்ப தம்பி கட்சி. அவன் கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவன் சொன்னது மூணு விஷயம்.

ஒண்ணு, கூலி. கம்பம், கூடலூர்லேர்ந்து ஜீப்பில் தினம் காலையில மலை ஏறி வர்ற ஆளுங்களை நம்பித்தான் எங்க ஊர் தோட்டம் நடக்குது. அவங்களுக்கு ஏலத்தோட்டத்துல வருஷத்துல முக்கால்வாசி நாள் வேலை உண்டு. இருநூறு காப்பிச் செடிக்கு, வருஷத்துல சில நாள் பறிப்புக்கு, யார் வருவா?

ரெண்டு, மழை. ஜனவரியிலேயே மழை பெஞ்சுடற வருஷங்கள்ல, பழம் இன்னும் செடியில இருக்கும்போதே பூ வெடிச்சுடுது. பழத்தைப் பறிச்சா பூ போச்சு, பூவைப் பாத்தா பழம் போச்சு. களத்துல காயப்போட்டது நனைஞ்சு பூசணம் வேற. இது அங்க மட்டும் நடக்கிற கூத்து இல்லை. பிரிட்டனில் 406 வகைச் செடிகளின் பழைய பதிவுகளைப் பாத்து 2022-ல் கேம்பிரிட்ஜ் ஆட்கள் சொன்ன கணக்குப்படி, 1986 வரைக்கும் இருந்ததைவிட இப்போ முதல் பூ சராசரியா ஒரு மாசம் முன்னாடியே வருதாம். காலம் தப்பிப் பூக்கிறது உலகம் முழுக்க இருக்கிற சிக்கல்.

மூணு, விலை. 2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏலத்துல ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அந்த வருஷம் எங்க ஊர்ல எத்தனை காப்பித் தோட்டம் காணாமப் போச்சுன்னு நான் சொல்லத் தேவையில்லை. எங்க ரெண்டு ஏக்கர்ல ஒன்றரை ஏக்கர் அதுக்கு முன்னாலயே ஏலம்தான். மிச்சம் இந்த வீட்டைச் சுத்தி இருக்கிற அரை ஏக்கர்.

முதல் ரெண்டுக்கும் என்கிட்ட எதிர்வாதம் இல்லை. மூணாவதுக்கு இருக்கு. விலையைப் பாத்துச் செடி மாத்தறது எங்க ஊர்ல பழைய வியாதி. 2003 வாக்குல வனிலா கிலோ ஆயிரக்கணக்கில் போனப்போ எல்லாரும் வனிலா வெச்சாங்க, அப்பா உட்பட. ரெண்டே வருஷம், வாங்க ஆள் இல்லாமப் போச்சு. 2024 கோடையில வறட்சி தாங்காம இடுக்கி மாவட்டம் முழுக்க ஏலச்செடி தூரோட காய்ஞ்சுது. அதே 2024-ல் லண்டன் சந்தையில ரொபஸ்டா டன் 5,000 டாலரைத் தாண்டிச்சு. அன்னைக்குக் காப்பியை வெச்சிருந்தவன் சிரிச்சான், புடுங்கினவன் தலையில கை வெச்சான். நாளைக்கு மாறும். நான் காப்பிக்கு விலை வரும்னு சொல்லலை. எல்லா முட்டையையும் ஒரே அடைக்கு வெக்காதேங்கிறேன், அவ்வளவுதான்.

ஆனா என் வாதத்தோட மையம் இதுவும் இல்லை. தேனீக்குப் பசின்னும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா பொய். ஸ்காட்லாந்தில் பிப்ரவரி தேனீக்குப் பஞ்சம். குமுளியில் மாசி பங்குனி பஞ்சமில்லை, காடே பூக்கிற காலம். எங்க ஊர்த் தேனீக்குப் பஞ்ச மாசம் ஆனி ஆடி, மழை விடாமக் கொட்டறப்ப. அதனால இங்கத்துப் பாடத்தை அப்படியே அங்க ஒட்ட முடியாது. வெளிநாட்டுல ரெண்டு செடி வளத்துட்டு ஊர்ல இருக்கிறவனுக்குப் பாடம் எடுக்கிற வேலை எனக்கும் பிடிக்காது.

என் மையம் மருந்து.

காப்பிக்குப் பெருசா மருந்து கிடையாது. எங்க வீட்டுக் காப்பிக்கு ஒரு சொட்டுகூட அடிச்சதா எனக்கு ஞாபகம் இல்லை. ஏலம் அப்படி இல்லை. தண்டு துளைப்பான், பேன்னு வரிசையா வரும். மாசத்துக்கு ஒரு தடவையாவது பம்ப்பைத் தூக்கணும். இது ஊருக்கே தெரிஞ்ச ரகசியம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைக்குச் சேத்த ஏலக்காய்ல மருந்து மிச்சம் அளவுக்கு மேல இருக்குன்னு கேரள உயர்நீதிமன்றம் விற்பனையையே நிறுத்திச்சு. லட்சக்கணக்கான டின் அப்படியே தேங்கிக் கிடந்துச்சு. 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செஞ்சது வேற கதை. கேஸ் யார் ஜெயிச்சாங்கங்கிறது எனக்கு முக்கியமில்லை. அரவணை டின்னுல இருக்கிற சிட்டிகை ஏலக்காய்க்கே கோர்ட்டு வரைக்கும் போனாங்களே, அந்த மருந்தை எங்க அம்மாவின் அடுப்படி ஜன்னலுக்கு ஆறடி தள்ளி அடிக்கப்போறோம். கிணத்துக்குப் பத்தடி. தம்பி பையன் சைக்கிள் விடற வாசல். காப்பி நிக்கிற அந்த அரை ஏக்கர்தான் இன்னைக்கு வீட்டுக்கும் மருந்துக்கும் நடுவுல நிக்கிற வேலி.

தேனீக்கும் அதேதான். ஏலப்பூ தரையோட தரையா, தூர்ல பூக்கும். அதுக்கும் தேனீதான் மகரந்தம் சேக்கணும், இல்லைன்னா காய் கட்டாது. ஒன்றரை ஏக்கர் ஏலம் காய்க்கணும்னா, மருந்து படாத ஒரு மூலை அந்தத் தேனீக்கு வேணும். மாசியில ஒரு வாய் சாப்பாட்டுக்கு, மத்த நாள்ல ஒதுங்கி நிக்க.

அதனால நான் சொல்றது இதுதான். வீட்டைச் சுத்தி ஒரு பகுதியை விலை கேக்காம விடணும். எடின்பரோவா இருந்தா ஒரு முழம் ஸ்னோட்ராப். குமுளியா இருந்தா இருபது முப்பது மூடு காப்பி. தோட்டத்துல எல்லாத்தையும் கணக்குப் போடலாம். கணக்குப் போடாத இடம் ஒண்ணாவது இருக்கணும். அந்த இடம்தான் கணக்குப் போட்ட இடத்தையும் காப்பாத்துது.

இதையெல்லாம் போன்ல சொன்னேன். தம்பி பொறுமையாக் கேட்டான். மருந்து விஷயத்துல கொஞ்ச நேரம் பேச்சு வரலை. அம்மா பக்கத்துலதான் இருந்திருக்காங்க, "அவன் சொல்றது சரிதான்யா, மருந்து அடிச்சா ரெண்டு நாள் எனக்குத் தலை வலிக்குது"ன்னு குரல் கேட்டுச்சு. பதினெட்டு வருஷமா வாராவாரம் போன் பேசுறேன், இந்தத் தலைவலியை எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"பறிப்புக் கூலி, கவ்வாத்துக் கூலி எல்லாம் என் கணக்கு. அதை மட்டும் விட்டுடு"ன்னேன். கருத்து மட்டும் அனுப்புறவனா இருக்கக்கூடாதுன்னு ஒரு ரோஷம்.

"காசு யாருண்ணே கேட்டா? காப்பி பூத்து நீ பாத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

யோசிச்சுப் பாத்தேன். பதினெட்டு. பொண்ணுக்கு லீவு ஜூலையில. அதனால எப்பவும் ஜூலையிலதான் ஊருக்குப் போறோம். கொட்டுற மழை, அட்டை, பச்சைக் காய். நான் இத்தனை நேரம் வக்காலத்து வாங்கின பூவை, ஊரை விட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம் ஒரு தடவைகூடக் கண்ணால பாக்கலை. பாட்டி வீட்டு ஸ்னோட்ராப்பை வருஷா வருஷம் பாக்குறேன்.

கடைசியில முடிவானது: முன்பக்கம் ஏலம். அடுப்படிப் பக்கமும் கிணத்துப் பக்கமும் காப்பி அப்படியே இருக்கும். எண்ணிப் பாத்தா எழுபது செடி. நான் கேட்டதைவிட அதிகம், அப்பா வெச்சதைவிட ரொம்பக் கம்மி.

இங்க பள்ளிக்கூடத்துக்குப் பிப்ரவரி நடுவுல ஒரு வாரம் லீவு உண்டு. அடுத்த வருஷம் அந்த வாரத்துக்கு டிக்கெட் போடலாம்னு இருக்கேன். பூ இருக்குமான்னு தம்பிகிட்ட கேட்டேன். "மழையைக் கேட்டுச் சொல்றேன்"ன்னான். நக்கல். ஆனா அதுதான் பதில். பூ இல்லைன்னாலும் கடைசிப் பறிப்புக்குக் கை உதவும். பதினெட்டு வருஷம் கழிச்சுக் காப்பிக்கூடையை இடுப்புல கட்டினா முதுகு என்ன பாடு படும்னு தெரியலை.

பாட்டிகிட்ட வேலியோரம் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "அப்ப அந்த வாரம் உன் ஸ்னோட்ராப்பை யார் பாப்பா?"ன்னாங்க. நீங்கதான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.